கழுத்தும் சாட்டையும்

மாட்டுவண்டிக்காரர் சாட்டையைச் சொடுக்குவதைப் பார்த்திருப்பீர்கள். கைப்பிடி அசைவது ஒரு சாண் தூரம். நுனி பாய்வதோ கண்ணுக்கு எட்டாத வேகம். அடியில் எழுந்த சிறு அசைவு நுனியை அடையும்போது பன்மடங்காகப் பெருகிவிடுகிறது. இந்த உவமையை மனத்திற் கொண்டுதான், 1928-ஆம் ஆண்டில் அமெரிக்க ஐக்கிய நாடுகளின் ஸான்பிரான்ஸிஸ்கோ நகரில் கூடிய எலும்பு மருத்துவர் மகாநாடு ஒன்றில் ஹெரால்டு குரோ என்ற டாக்டர் ஒரு சொல்லைக் கையாண்டார். மோட்டார் விபத்தில் கழுத்து நொந்த எட்டு நோயாளிகளைப் பற்றி அவர் பேசினார். அவர்களுடைய தலையும் கழுத்தும் அசைந்த விதத்தை 'விப்லாஷ்', அதாவது சாட்டைச் சொடுக்கு, என்று வருணித்தார். அந்தச் சொல் அவரையும் மீறிக் கொண்டு உலகமெல்லாம் பரவியது.

நின்றுகொண்டிருக்கும் வண்டியில் ஒருவர் அமர்ந்திருக்கிறார். பின்னாலிருந்து வேறொரு வண்டி வந்து மோதுகிறது. குருதி சிந்துவதில்லை, பெரும்பாலும் எலும்பு முறிவதுமில்லை, எக்ஸ் கதிர்ப் படத்தில் ஒன்றும் தெரிவதில்லை. இறங்கி நின்று, வண்டிக்கு நேர்ந்த சேதத்தைப் பார்த்துவிட்டு, அவர் வீடு திரும்புகிறார். மறுநாட் காலையில் கழுத்து திரும்ப மறுக்கிறது. சிலருக்கு இது சில நாட்களில் தீர்ந்துவிடும்; சிலருக்கு ஆண்டுக்கணக்கில் நீடிக்கும். இந்த நோவு உண்மையா, நடிப்பா என்ற வழக்கு நூறாண்டுகளுக்கு மேல் நடந்தது. அந்த வழக்கிலேயே காலம் கழிந்தமையால், கழுத்துக்குள் என்ன நேர்கிறது, என்ன செய்தால் குணமாகும் என்ற இரண்டு கேள்விகளும் நெடுங்காலம் வாயிலிலேயே காத்து நின்றன என்பது என் கருத்து. அந்த வரலாற்றையே இன்று உங்களிடம் சொல்லப் புகுகிறேன்.

கதை மோட்டார் வண்டியில் தொடங்கவில்லை; புகைவண்டியில் தொடங்குகிறது. 1830-இல் லிவர்பூலுக்கும் மான்செஸ்டருக்கும் இடையே இருப்புப்பாதை திறக்கப்பட்ட பின்னர், ஆங்கில நாட்டில் ரயில்கள் பெருகின, விபத்துகளும் பெருகின. அவற்றில் சிக்கியவர்களுள் ஒரு விந்தையான கூட்டம் இருந்தது. உடைந்த பெட்டியிலிருந்து தாமே நடந்து வெளியே வந்தவர்கள். பிறருக்கு உதவியும் செய்தவர்கள். சில நாட்கள் கழிந்த பின்பு இவர்களுக்கு முதுகு நொந்தது, உறக்கம் கெட்டது, கைகால்கள் தளர்ந்தன, நினைவு தடுமாறியது. இவர்களைப் பரிசோதித்த வைத்தியர்களுக்குக் காயம் எதுவும் அகப்படவில்லை.

1865-ஆம் ஆண்டு ஜூன் 9-ஆம் நாள், ஸ்டேபிள்ஹர்ஸ்ட் என்னும் ஊரருகே பாலத்தில் தண்டவாளம் பழுது பார்த்துக்கொண்டிருந்தார்கள். மேற்பார்வையாளர் ரயில் வரும் நேரத்தைத் தவறாகக் கணித்துவிட்டார். லண்டனுக்கு வந்துகொண்டிருந்த ரயில், கழற்றப்பட்ட தண்டவாளத்தின் மீது ஓடிக் கவிழ்ந்தது. பத்துப் பேர் மாண்டனர். அந்த ரயிலில் நாவலாசிரியர் சார்லஸ் டிக்கன்ஸ் இருந்தார். பாலத்திலிருந்து முழுதும் விழாது தொங்கிநின்ற பெட்டி அவருடையது. வெளியே வந்தவர், தம் தொப்பியில் நீர் முகந்து காயமுற்றோருக்குக் கொடுத்தார். பின்பு பெட்டிக்குள் மீண்டும் ஏறி, தாம் எழுதிக்கொண்டிருந்த நாவலின் கையெழுத்துப் பிரதியை எடுத்து வந்தார். அவ்வளவு தைரியசாலிக்கு, அதன் பின்னர் இரு வாரம் குரல் அடங்கிப் போயிற்று. ரயிலில் ஏறினால் உடல் நடுங்கும் நிலை இறுதிவரை நீங்கவில்லை. சரியாக ஐந்தாண்டு கழித்து அதே ஜூன் 9-ஆம் நாளில் அவர் காலமானார். டிக்கன்ஸுக்கு நேர்ந்ததைக் கழுத்துக் காயம் என்று நான் சொல்லவில்லை. ஆயினும் காயம் காணப்படாத ஒரு மனிதர் விபத்தினால் உண்மையாகவே துன்புறலாம் என்பதற்கு அவரைவிடப் பெயர்பெற்ற சாட்சி அக்காலத்தில் இல்லை.

அடுத்த ஆண்டிலேயே, 1866-இல், லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரி மருத்துவமனையின் அறுவை மருத்துவர் ஜான் எரிக் எரிக்ஸன் இந்நோயாளிகளைப் பற்றிய தம் சொற்பொழிவுகளை நூலாக வெளியிட்டார். முதுகெலும்புக்குள் ஓடும் தண்டுவடம் அதிர்ச்சியினாற் குலுங்கிவிடுகிறது என்பது அவர் கொள்கை. எப்படி என்று கேட்டால் அவர் ஓர் உவமை கூறினார்: காந்தத்தைச் சம்மட்டியால் ஓங்கி அடித்தால் அது காந்த சக்தியை இழக்கிறது; உருவத்தில் மாறுதல் ஒன்றும் தெரியாது. நல்ல உவமைதான். ஆனால், மாணவர்களே, உவமை நிரூபணம் ஆகாது. இந்நோய்க்கு மக்கள் 'ரயில்வே முதுகு' என்று பெயரிட்டார்கள். நஷ்டஈட்டு வழக்குகளில் எரிக்ஸனின் நூல் வழக்கறிஞர் கையில் ஆயுதமாயிற்று.

ரயில் கம்பெனிகள் சும்மா இருக்குமா? 1883-இல் ஹெர்பர்ட் பேஜ் என்பவர் மறுப்பு நூல் எழுதினார். அவர் ஒரு பெரிய ரயில் கம்பெனியின் மருத்துவர் என்பதையும் நாம் மறத்தலாகாது. தண்டுவடம் உடலின் நடுவே, எலும்புக் கூட்டுக்குள், நன்றாகப் பாதுகாக்கப்பட்டிருக்கிறது. குலுக்கலில் அது எளிதிற் கெடாது. இவர்களைப் பீடிப்பது அச்சத்தினால் விளைந்த நரம்பதிர்ச்சி. நஷ்டஈட்டு ஆசை அதை வளர்க்கிறது என்றார். இருவரும் பாதி சரி, பாதி பிழை. தண்டுவடம் அப்படிக் குலுங்குவதில்லை என்பதில் பேஜ் வென்றார். அச்சமும் உடலை வாட்டும் என்று அவர் சொன்னதும் பிற்கால மனநோய் ஆராய்ச்சிக்கு வழி திறந்தது. ஆனால் தண்டுவடத்துக்கும் மனத்துக்கும் இடையில் தசை, நார், சிறு மூட்டு என்று எத்தனையோ உறுப்புகள் உண்டே, அவற்றை இருவரும் போதிய அளவு கவனிக்கவில்லை.

மோட்டார் வண்டி வந்தது. முதுகுக்குப் பதில் கழுத்து முன்னணிக்கு வந்தது. குரோ சொன்ன சொல் 1940-களில் மருத்துவப் பத்திரிகைகளில் ஏறிற்று. 1950-களில் நீதிமன்றங்களில் ஏறிற்று. 'எனக்கு விப்லாஷ்' என்று நோயாளி சொல்ல, 'இவருக்கு விப்லாஷ்' என்று டாக்டர் எழுத, 'விப்லாஷுக்கு இவ்வளவு தொகை' என்று வக்கீல் கேட்கும் நிலை வந்தது. பல ஆண்டுகள் சென்றபின் குரோவே வருந்தினார். தலை அசைந்த முறையைக் காட்டவே அச்சொல்லைச் சொன்னதாகவும், டாக்டரும் நோயாளியும் வக்கீலும் அதை ஒரு நோயின் பெயராகவே கொண்டுவிட்டதாகவும் 1960-களில் அவர் குறிப்பிட்டார். நாற்பதாண்டு மொழியும் வரலாறும் கற்பித்தவன் என்ற முறையில் இந்த இடத்தில் நான் சற்று நின்று பார்ப்பதுண்டு. பெயர் வந்துவிட்டால் பொருள் விளங்கிவிட்டது என்று மனிதர் ஓய்ந்துவிடுகிறார்கள். வகுப்பறையிலும் இதே கதைதான்.

1966-இல் பில்லி வைல்டர் என்னும் புகழ்பெற்ற டைரக்டர் ஹாலிவுட்டில் ஒரு நகைச்சுவைப் படம் எடுத்தார். சிறு அடிபட்டவன் ஒருவனுக்குக் கழுத்துப் பட்டையை மாட்டி, நஷ்டஈடு பறிக்க முயலும் வக்கீலின் கதை அது. அந்த வக்கீலுக்குப் பட்டப்பெயரே 'விப்லாஷ் வில்லி'. வால்ட்டர் மத்தாவு அந்த வேடத்துக்கு ஆஸ்கார் பரிசு பெற்றார். கழுத்துப் பட்டை அணிந்தவரைக் கண்டாலே பலர் புன்னகைக்கத் தொடங்கிய காலம் அது.

அப்புன்னகைக்கு மருத்துவ உலகிலும் ஆதரவு இருந்தது. நியூகாஸில் நகரத்து நரம்பியல் நிபுணர் ஹென்றி மில்லர், 1961-இல் 'விபத்து நரம்புக்கோளாறு' என்பது பற்றி எழுதினார். விபத்துக்குப்பின் நீடிக்கும் பல முறையீடுகள் நஷ்டஈடு கைக்கு வந்ததும் மறைகின்றன என்பது அவர் வாதம். இதற்கு நேர் விடை கானடாவின் டொராண்டோ நகரத்திலிருந்து வந்தது. அங்கே இயன் மக்நாப் என்னும் எலும்பு மருத்துவர், வழக்கு முடிந்து பணமும் பெற்றுவிட்ட நோயாளிகளைத் தேடிப் பிடித்து விசாரித்தார். பலருக்குக் கழுத்துநோவு தீரவில்லை. மேலும் ஒன்றைக் கவனித்தார்: ஒரே விபத்தில் ஒரே மனிதருக்குக் கணுக்கால் சுளுக்கிக்கொள்கிறது, கழுத்தும் நோகிறது. கணுக்கால் உரிய காலத்தில் குணமாகிறது. கழுத்து மட்டும் குணமாகவில்லை. பண ஆசையே காரணமானால், அந்த ஆசை கணுக்காலை விட்டுவிட்டுக் கழுத்தை மட்டும் ஏன் பிடிக்கவேண்டும்? குரங்குகளைக் கொண்டு அவர் செய்த சோதனைகளில், தலை பின்னோக்கி மிகையாக வளையும்போது கழுத்தின் முன்புறத் தசைகளும் நார்களும் கிழிவதையும், முள்ளெலும்புகளுக்கு இடையேயுள்ள வட்டுகள் பிரிவதையும் கண்டார். 1964-இல் வெளியான அவருடைய கட்டுரையை வாசித்தவர்கள் அவ்வளவு எளிதாகப் புன்னகைத்திருக்க முடியாது.

இதைச் சொல்லும்போது எங்கள் பள்ளிக் கணித ஆசிரியர் ஒருவர் நினைவுக்கு வருகிறார். ரயில்வே கேட்டருகே நின்ற வேனில் அவர் இருந்தபோது பின்னாலிருந்து லாரி இடித்துவிட்டது. படத்தில் எலும்பு சரியாக இருந்தது. பரீட்சைக் காலம், விடைத்தாள் திருத்த அஞ்சி விடுப்புக் கேட்கிறார் என்று ஆசிரியர் அறையில் முணுமுணுப்பு எழுந்தது. விடுப்பு விண்ணப்பத்தை என் மேசைமேல் வைத்துவிட்டு, "ஐயா, எல்லாரும் பார்க்கிற பார்வையில் எனக்கே என் கழுத்தின்மேல் சந்தேகம் வந்துவிட்டது" என்றார். விடுப்பைக் கொடுத்தேன். ஆறு திங்களில் நோவு குறைந்தது. கரும்பலகையில் எழுதியபடியே வகுப்பைத் திரும்பிப் பார்க்க அவருக்கு ஓராண்டு பிடித்தது.

இனிக் கழுத்துக்குள் நடப்பதைப் பார்ப்போம். தெரிந்ததிலிருந்து தெரியாததற்குச் செல்லவேண்டும் என்று ஆசிரியப் பயிற்சியில் எங்களுக்குக் கற்பித்தார்கள். உங்களுக்குத் தெரிந்தது நியூட்டனின் முதல் விதி. நின்ற பொருள் நிற்கவே முயலும். வண்டி பின்னாலிருந்து இடிபடும்போது இருக்கையின் சாய்வு உடலை முன்னே தள்ளுகிறது. ஏறத்தாழ ஐந்து கிலோ எடையுள்ள தலையோ இருந்த இடத்திலேயே நிற்கப் பார்க்கிறது. இரண்டுக்கும் நடுவே அகப்படுவது கழுத்து. 1955-இல் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டெர்வின் ஸெவரியும் துணைவர்களும், மோட்டார் வண்டிகளை வேண்டுமென்றே ஒன்றன்மேல் ஒன்று மோதவிட்டு அளந்தார்கள். மணிக்கு எட்டு மைல் வேகத்தில் மோதினாற்கூட, வண்டி பெறும் முடுக்கத்தைப்போல் இருமடங்குக்கு மேல் தலை பெறுகிறது என்பது வெளிப்பட்டது. வண்டிக்கு ஒரு கீறல்தான், உமக்கு என்ன ஆகியிருக்கும் என்று கேட்பவர்களுக்கு இந்த அளவையே பதில்.

தலை பின்னோக்கி மிகையாக வளைவதே காயத்துக்குக் காரணம் என்று நெடுநாள் எண்ணியிருந்தார்கள். 1997-இல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் மனோகர் பஞ்சாபி முதலியோர், இறந்தோர் கழுத்தெலும்புகளைக் கொண்டு நடத்திய ஆராய்ச்சி இதைத் திருத்தியது. மோதிய 50 முதல் 75 மில்லி விநாடிக்குள், அதாவது ஒரு விநாடியில் பத்தில் ஒரு பங்கு கழியுமுன், கழுத்து ஆங்கில எழுத்தாகிய எஸ் வடிவில் நெளிகிறது. கீழ்ப்பகுதி பின்னுக்கு வளைகிறது. மேற்பகுதி முன்னுக்கு வளைகிறது. தலை இன்னும் பின்னே சாயத் தொடங்கவேயில்லை. கீழ்க் கழுத்தின் மூட்டுகள் இயல்பான எல்லையைத் தாண்டிவிடுகின்றன. கழுத்துத் தசைகள் இறுகித் தடுக்க அவகாசமே இல்லை. முள்ளெலும்புகளின் பின்புறத்தில், சுண்டுவிரல் நகமளவேயுள்ள சிறு மூட்டுகள் இரண்டிரண்டாக அமைந்துள்ளன. அவை நசுங்குவதும் அவற்றின் உறை இழுபடுவதும் எக்ஸ் கதிர்ப் படத்தில் தெரிவதில்லை.

அப்படியானால் இந்தக் காயத்தை எப்படி அறிவது? கழுத்து நோவும் விறைப்பும் முதன்மையானவை. பல வேளை சில மணிநேரம் கழித்தே, மறுநாளே, அவை தோன்றும். பிடரியிலிருந்து எழும் தலைவலி, தோள்பட்டை நோவு, கிறுகிறுப்பு, கவனச்சிதறல் ஆகியவை உடன் வரலாம். கானடாவின் கியூபெக் மாநிலத்தில் அமைக்கப்பட்டு 1995-இல் தன் முடிவை வெளியிட்ட நிபுணர் குழு ஒன்று, பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட வெளியீடுகளைச் சலித்தது. தரமானவை என்று அதற்குத் தேறியவை 62 மட்டுமே! அக்குழு இக்காயத்தைப் படிகளாகப் பிரித்தது. நோவும் விறைப்பும் மட்டும் இருப்பது முதற்படி. கழுத்தின் அசைவு குன்றியிருப்பதும் தொட்டால் நோவதும் பரிசோதனையில் தெரிவது இரண்டாம் படி. நரம்பு பாதிக்கப்பட்ட குறி மூன்றாவது. எலும்பு முறிவோ மூட்டு நழுவலோ நான்காவது.

மூன்றும் நான்கும் ஆபத்தானவை. ஆகையால் முதலில் தீர்க்கவேண்டிய கேள்வி, எலும்பு முறிந்திருக்கிறதா என்பதே. 2001-இல் கானடாவின் பத்து மருத்துவமனைகளில் 8,924 நோயாளிகளை ஆராய்ந்து இயன் ஸ்டீல் குழுவினர் ஒரு விதியை வகுத்தார்கள். நோயாளி தெளிந்த அறிவோடு இருக்கவேண்டும் என்பது அவ்விதியின் அடிப்படை. வயது 65-ஐ எட்டியவரா, விபத்து கடுமையானதா, கைகால்களில் மரமரப்பு உண்டா? இவற்றுள் ஒன்று இருந்தாலும் படம் எடுத்தே தீரவேண்டும். இவை இல்லாமல், எளிய பின்மோதலாக இருந்து, நோயாளி எழுந்து நடந்து, கழுத்தை இருபுறமும் 45 பாகை தாமே திருப்ப முடிந்தால் படம் தேவையில்லை. இவ்விதி மருத்துவருக்கானது. தெருவில் நிற்கும் நமக்கு அதிலிருந்து கிடைப்பது: கைகால் மரத்தாலும், வலுவிழந்தாலும், கழுத்தின் நடு எலும்பிலேயே நோவு இருந்தாலும், நினைவு தடுமாறினாலும், அவரை எழுப்பி நடத்தலாகாது, தலையை அசையாமல் வைத்து ஆம்புலன்சை அழைக்கவேண்டும். முடிதிருத்தகத்தில் தலையைப் பிடித்துத் திருப்பிச் சொடக்கு எடுப்பதும், எண்ணெய் தடவிச் சுளுக்கு எடுப்பதும் நம் ஊர்களில் வழக்கம். விபத்தில் நொந்த கழுத்துக்கு, எலும்பு சரியாக இருக்கிறது என்று டாக்டர் சொல்லாத வரையில், அவை வேண்டவே வேண்டாம்.

சிகிச்சையின் வரலாறும் சுவையானது. மெத்தென்ற கழுத்துப் பட்டையை மாட்டி, வாரக்கணக்கில் அசையாமல் கிடக்கச் செய்வதே நெடுநாளைய முறை. அது சரிதானா என்று சோதித்துப் பார்க்கவேண்டும் என்று பலருக்குத் தோன்றவில்லை. உண்மையா, நடிப்பா என்ற விவாதத்திலேயே அவர்கள் மூழ்கியிருந்தார்கள். 1986-இல் மீலி என்பவரும் துணைவர்களும் 61 நோயாளிகளை இரு பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவுக்குப் பட்டையும் ஓய்வும். மற்றொரு பிரிவுக்குத் தொடக்கத்திலிருந்தே மெல்ல அசைக்கும் பயிற்சி. எட்டு வாரங்களில் பயிற்சிப் பிரிவினரே மேலாக இருந்தனர். 1989-இல் பெல்பாஸ்ட் நகரில் மக்கின்னி என்பவர் வெளியிட்ட முடிவு இன்னும் வியப்பானது. இரண்டாண்டு கழித்து நோவு நீடித்தவர்கள், ஓய்வு எடுத்தவர்களில் நூற்றுக்கு 46 பேர். மருத்துவமனையில் உடற்பயிற்சிச் சிகிச்சை பெற்றவர்களில் 44 பேர். வீட்டிலேயே கழுத்தை அசைத்துப் பழக அறிவுரை மட்டும் பெற்றவர்களில் 23 பேர். தாமே செய்வதற்குக் கற்றவர்கள் முந்திக்கொண்டார்கள்.

ஆகவே முதல் இரண்டு படிகளில் உள்ளவர்களுக்கு இன்றைய சிகிச்சை எளியது. ஆபத்தில்லை என்று டாக்டர் உறுதி சொல்வது, தேவையான அளவு நோவு மருந்து, நோவு பொறுக்கும் எல்லைக்குள் கழுத்தை நாள்தோறும் பலமுறை திருப்புவது, வழக்கமான வேலைகளைக் கூடிய விரைவில் தொடர்வது ஆகியவையே அது. இத்தனைக்கும் பிறகும், ஓராண்டு கழித்து ஏறத்தாழப் பாதிப்பேர் ஓரளவு கழுத்துநோவு இருப்பதாகச் சொல்கிறார்கள் என்று பல ஆய்வுகள் காட்டுகின்றன. முதல் நாட்களில் நோவு மிகக் கடுமையாக இருந்தவர்களுக்கும், விபத்தின் அச்சம் நீங்காதவர்களுக்கும் அது நீடிக்கும் வாய்ப்பு மிகுதி. எரிக்ஸனும் பேஜும் எதிரெதிரே நின்று பேசியவை இங்கே ஒரே நோயாளியிடம் சேர்ந்து காணப்படுகின்றன.

நீடித்த நோவு உண்மையே என்பதற்கு உறுதியான சான்று ஆஸ்திரேலியாவில் கிடைத்தது. 1996-இல் நிக்கோலாய் போக்டக் முதலியோர், நோகும் சிறு மூட்டு இதுதான் என்று மரமரப்பு ஊசிகளால் முதலில் கண்டுகொண்டார்கள். பின்பு 24 நோயாளிகளில் பாதிப்பேருக்கு அம்மூட்டின் நரம்பை வெப்பத்தால் செயலிழக்கச் செய்தார்கள்; மற்றப் பாதிப்பேருக்கு எல்லாம் அப்படியே செய்து வெப்பத்தை மட்டும் ஏற்றவில்லை. யாருக்கு எது என்று நோயாளிக்கும் தெரியாது, பரிசோதிப்பவருக்கும் தெரியாது. நோவு மீளும் காலம் போலிச் சிகிச்சைப் பிரிவில் இடைநிலையாக 8 நாள். உண்மைச் சிகிச்சைப் பிரிவில் 263 நாள். நடிப்பவன் நரம்பைச் சுட்டுப் பார்த்தால் இப்படிப்பட்ட வேறுபாடு தோன்றாது. வியப்பு என்னவென்றால், போக்டக் பணியாற்றிய நகரத்துக்கும் நியூகாஸில் என்றே பெயர். மில்லரின் நியூகாஸிலுக்கு மறுபாதி உலகத்து நியூகாஸில் விடை சொல்லிற்று!

எனினும் மில்லர் பக்கத்திலும் சொல்ல ஒன்று இருந்தது. கானடாவின் சஸ்காச்சுவான் மாநிலம் 1995-இல் வலிக்கும் வேதனைக்கும் பணம் கோரும் உரிமையை நீக்கி, குற்றம் பாராது சிகிச்சைச் செலவை ஏற்கும் காப்பீட்டு முறையைக் கொண்டு வந்தது. அதன்பின் விப்லாஷ் கோரிக்கைகள் நூற்றுக்கு 28 வீதம் குறைந்தன. குணமாகும் காலமும் சுருங்கியது. பணமுறை மாறினால் நோயின் போக்கும் மாறுகிறது என்பதை மறுக்க இயலாது. நீண்ட வழக்கும், மீண்டும் மீண்டும் தன் நோவை நிரூபிக்கவேண்டிய கட்டாயமும் நோயாளியைக் குணமடைய விடுவதில்லை என்றே நான் இதைப் பொருள் கொள்கிறேன். இங்கிலாந்தும் வேல்ஸும் 2021-ஆம் ஆண்டு மே 31 முதல், நோவு நீடித்த மாதங்களைக் கணக்கிட்டு ஒரு நிலையான கட்டண அட்டவணைப்படி ஈடு தருகின்றன.

தடுக்கும் வழி இருக்கையிலேயே இருக்கிறது. அமெரிக்காவில் 1969 ஜனவரி முதல் நாளுக்குப் பின் செய்யப்படும் கார்களின் முன்னிருக்கைகளுக்குத் தலைத்தாங்கி கட்டாயமாயிற்று. பலர் அதைத் தலையணை என்று நினைத்துத் தாழ்த்தியே வைத்தார்கள். அதன் மேல்விளிம்பு காதுக்குக் கீழே இறங்கலாகாது. தலைக்கும் அதற்கும் இடைவெளி இயன்றவரை குறைவாக இருக்கவேண்டும். சுவீடனில் ஸாப் கம்பெனி 1997-இல், மோதியவுடன் தானே முன்னெழுந்து தலையைத் தாங்கும் அமைப்பையும், வால்வோ கம்பெனி 1998-இல், இருக்கையே பின்வாங்கி விசையைத் தணிக்கும் அமைப்பையும் கொண்டு வந்தன.

இவற்றையெல்லாம் சோதித்த பொம்மைகள் நடுத்தர உயரமுள்ள ஆணின் அளவில் அமைந்தவை. பின்மோதலில் கழுத்துக் காயமடையும் வாய்ப்போ பெண்களுக்கே மிகுதி என்பது 1960-களிலிருந்தே தெரிந்த செய்தி. நடுத்தரப் பெண்ணின் உடலமைப்பும் எடையும் கொண்ட சோதனைப் பொம்மையை, சுவீடன் நாட்டு ஆராய்ச்சியாளர் ஆஸ்ட்ரிட் லிண்டர் தலைமையிலான குழு 2022-இல் தான் இருக்கையில் அமர்த்தியது.